தங்காக்கில் ஆண்டுக்கு ஒரு தொல்லியல் நாள் வேண்டும்

தங்காக் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று துணிக்கடைகள். தீபாவளிக்கு முன் மலாக்கா, மூவார், சிகாமட் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து துணி எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றொன்று 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கும் லேடாங் மலை. உள்ளூர்த் தமிழர்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு: தோட்டம். தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் எது என்று கேட்டால் இங்குள்ள பிள்ளைகள் பலர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தோட்டத்தில் லயம் எந்தப் பக்கம் இருந்தது, பெரட்டுக்களம் எங்கே, பழைய கோயில் மணி இப்போது யாரிடம் இருக்கிறது, இடுகாட்டில் கல் ஏதும் நின்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. பதில் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள்.

இந்தப் பதில்களைத் திரட்ட ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். தொல்லியலை முறையாகப் படித்தவர்களும், படிக்காமல் ஆர்வத்தால் தேடுகிறவர்களும் ஆண்டுக்கு ஒரு நாள் தங்காக்கில் ஒன்றாக உட்கார வேண்டும். தேடி எடுத்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு அதை அச்சிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991இல் 'ஆவணம்' என்ற இதழைத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஊரில் கருத்தரங்கு கூடும். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் தொல்லியல் துறை அலுவலர்களும் வருவார்கள். அவர்களோடு பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஆய்வு மாணவர்கள், கல்வெட்டு தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஆர்வலர்கள் ஆகியோரும் வருவார்கள். வயல் வரப்பில் கிடந்த கல்லைப் பார்த்தவர் அதைப் படியெடுத்துக் கொண்டுவருவார். எந்த ஊர், எந்த இடம், எக்காலத்தது, செய்தி என்ன, கல்லில் உள்ளபடி வரிகள் என்ன என்ற ஒழுங்கில் அது இதழில் ஏறும். அதன்பின் உலகில் எங்கிருந்தும் ஓர் ஆய்வாளர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், மறுக்கவும் செய்யலாம்.

அமெரிக்காவில் இதற்கு இன்னும் மூத்த முன்மாதிரி ஒன்று உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் பெகோஸ் என்ற பழங்குடி ஊரின் இடிபாடுகளை அகழ்ந்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் கிடர், 1927 ஆகஸ்டில் தம் அகழ்வு முகாமுக்கே மற்ற ஆய்வாளர்களை அழைத்தார். ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, ஆளுக்கு ஒரு காலக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கே உட்கார்ந்து பொதுவான ஒரு கால வரிசைக்கு வந்தார்கள். அந்தக் கூட்டம் இன்னமும் ஆகஸ்டில் கூடுகிறது. பெரும்பாலும் கூடாரத்துக்குக் கீழேதான். பேராசிரியரும் வருவார், வார இறுதியில் பழங்குடி ஊர்களைத் தேடி நடக்கும் சாதாரண ஆர்வலரும் வருவார். இருவரும் ஒரே திடலில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். லேடாங் மலையடிவாரத்தில் முகாமிட்டுப் பழகிய நம் மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

தொழில்முறை ஆய்வாளர்கள் மட்டும் போதாதா, ஆர்வலர்கள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தமிழ்த் தொல்லியலின் வரலாறே இதற்குப் பதில். தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் படிப்பதில் இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் ஐராவதம் மகாதேவன் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1965இல் புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களை வாசித்துக் காட்டியபோது அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் பேராசிரியராக இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் கோயில் கட்டடக்கலையையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து நூல் மேல் நூலாக எழுதிய இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். இப்போது உலகமே பேசும் கீழடியில், கிணறு வெட்டும்போது வெளிவந்த பொருள்களை மாணவர்கள் மூலம் அறிந்து 1970களிலேயே அந்த இடத்தைக் கவனித்துச் சொன்னவர் பாலசுப்பிரமணியம் என்ற பள்ளி வரலாற்று ஆசிரியர். இந்தியத் தொல்லியல் துறை அங்கே மண்வெட்டியை வைத்தது 2014-15இல். இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

ஆர்வலர்கள் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இதற்கு நம் ஜொகூரிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்காக் கூட்டம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக்கூடாது என்பது இவற்றில் தெரியும்.

முதலாவது, ஜெரால்ட் கார்டனர். பிரிட்டிஷ் காலத்தில் ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர். தொல்லியல் படித்தவர் அல்லர். (பின்னாளில் இங்கிலாந்தில் சூனிய வழிபாட்டுச் சமயம் ஒன்றுக்கு அவரே தந்தையானது தனிக்கதை.) ஜொகூர் ஆற்றங்கரையில், ஜொகூர் லாமா பக்கத்தில், பழைய மணிகளும் நாணயங்களும் கிடைப்பதைக் கவனித்துத் தேடித் தோண்டினார். ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் மலாயாக் கிளை இதழில் 1933இல் அந்த ஆற்றங்கரைப் பொற்காசுகளைப் பற்றி எழுதினார். 1937இல் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே கிடைத்த மணிகள் மலாயாவுக்கும் ரோமானியப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்ததற்குச் சான்று என்று எழுதினார்.

கேட்க இனிமையான செய்திதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த முடிவில் ஐயம் எழுப்பினார்கள். காரணம் எளிது. பாட்டி கழுத்தில் இருந்த மணி பேத்தி கழுத்துக்கு வரும். நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு கூடப் புழங்கும். கப்பல் ஏறி நாடு கடக்கும். ஒரு மணி எங்கே செய்யப்பட்டது என்பது வேறு, அது எப்போது இந்த மண்ணில் விழுந்தது என்பது வேறு. அது கிடைத்த மண் அடுக்கு எது, அதே அடுக்கில் கூடக் கிடந்த பானை ஓடு எக்காலத்தது என்று பதிவு இருந்தால்தான் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். கார்டனர் பார்த்த இடம் முக்கியமான இடம் என்பதில் சந்தேகமில்லை. அவர் கண்ணில் பட்டிராவிட்டால் அந்த மணிகளில் பல யார் கையிலோ போய்ச் சேர்ந்திருக்கும். அந்த அளவில் ஜொகூர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ரோமாபுரி வரை போனதுதான் கொஞ்சம் அவசரம்.

இரண்டாவது, கோத்தா கெலாங்கி. இது தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 'செஜாரா மெலாயு'வில் ராஜா சூலான் என்ற இந்திய மன்னன் படையெடுத்து வந்து வென்ற ஊர்களில் ஒன்று, ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல் கோட்டையோடு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மன்னன் சோழன், படையெடுப்பு ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு என்று பலர் பொருத்திப் பார்க்கிறார்கள். ரேய்மி செ-ரோஸ் என்ற சுயேச்சை ஆய்வாளர் பழைய சுவடிகளையும் வரைபடங்களையும் வைத்து, அந்த மறைந்த நகரம் ஜொகூர்க் காட்டில் இன்ன பகுதியில் இருக்கலாம் என்று எழுதினார். 2005 பிப்ரவரியில் செய்தி நாடெங்கும் பரவியது. நம்மவர்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஜொகூரில் சோழர் பார்த்த நகரம் என்றால் சும்மாவா! ஆனால் அங்கே ஒரு நகரம் இருந்தது என்பது இன்றுவரை அகழ்வின் மூலம் உறுதியாகவில்லை. சுவடி சொல்வது ஒரு துப்பு. துப்பு கிடைத்தவுடன் மாலை போட்டுவிட்டோம்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். செ-ரோஸ் தம் கருத்தை ஆய்விதழில்தான் வெளியிட்டார்; யாரும் எடுத்துப் படித்து மறுக்கலாம் என்ற நிலையில் வைத்தார். அதுவே சரியான முறை. நான் குறை சொல்வது நம் அவசரத்தை. கண்டெடுத்தவர், அவரைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர், சாதாரணப் பொதுமக்கள் மூவரும் ஒரே அறையில் உட்காரும் பழக்கம் நமக்கு இருந்தால் பொதுமக்களும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வார்கள். "எந்த அடுக்கில் கிடைத்தது?" என்று ஒரு படிவம் நான்கு மாணவி எழுந்து கேட்டால் அந்த ஒரு கேள்விக்காகவே கூட்டத்தை நடத்தலாம்.

சரி, தங்காக்கில் எதைக் கொண்டுவந்து வைப்பது? சோழர் காலப் பொருள் ஒன்றும் வேண்டாம். தோட்டத்திலிருந்து தொடங்கலாம். நூறு ஆண்டுப் பழமை தொல்லியல் ஆகுமா என்று தயங்க வேண்டாம். பழைய தொழிற்சாலைகள், சுரங்கங்கள், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவற்றை ஆராய்வது உலகெங்கும் தொல்லியலின் ஒரு கிளையாகவே வளர்ந்திருக்கிறது. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரான கதை தொடங்கியதும் இந்த வட்டாரத்தை ஒட்டித்தான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற சீன முதலாளி ரப்பரை நட்டார்; அடுத்து அவர் பெரிய அளவில் நட்ட புக்கிட் அசகான் லேடாங் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தங்காக்கிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்.

இந்த 1896 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கோயில் மலர்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் படித்துப் பாருங்கள். ரப்பர்த் தோட்டத்துக் கோயிலுக்கு "நூற்றைம்பது ஆண்டுப் பழமை" என்று எழுதியிருக்கும். ரப்பரே வராத காலத்தில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளி எப்படிக் கோயில் கட்டினார்? அதற்கு முன் அந்த நிலத்தில் காப்பியோ மரவள்ளியோ காம்பிரோ இருந்து, அதில் தமிழர்கள் வேலை செய்திருந்தால் சாத்தியம். அப்படியானால் அதைக் காட்ட வேண்டும். சான்று இல்லாத நூற்றைம்பதால் நமக்குக் கேடுதான். தோட்டம் கைமாறி, நிலம் மேம்பாட்டாளருக்குப் போய், கோயிலையோ இடுகாட்டையோ இடம் மாற்றச் சொல்லும் நாளில் கோயில் குழுவிடம் கேட்பது தாள். நூற்றைம்பது என்று சொல்லி நிரூபிக்க முடியாமல் நின்றால், உண்மையான தொண்ணூறையும் யாரும் நம்பமாட்டார்கள். மணியில் பொறித்த எழுத்து, கல்லறையில் உள்ள தேதி, பழைய நில அளவை வரைபடத்தில் கோயில் குறி, பள்ளி வருகைப் பதிவேடு என்று நான்கு சான்றுகள் ஒன்றையொன்று தாங்கி நின்றால் தொண்ணூறு ஆண்டுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

மணி என்றதும் ஒரு சிறு பயிற்சி. தோட்டத்துக் கோயில் மணி ஒன்றில் "பிரபவ வருடம், உபயம்" என்று போட்டு ஒரு கங்காணியின் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரபவ என்பது தமிழ் ஆண்டுகள் அறுபதில் முதலாவது. அது 1927-28இலும் வந்தது, 1987-88இலும் வந்தது. எந்தப் பிரபவ? கங்காணி முறை நடப்பில் இருந்த காலம் எது என்று தெரிந்தவருக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். எழுத்தின் வடிவம் மறுபாதியைச் சொல்லும். பழைய அச்சு முறையில் 'னை', 'லை' போன்றவற்றைத் தும்பிக்கை போட்டு எழுதியிருக்கிறார்களா, புதிய முறையில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மணியைக் கொண்டுவந்தவருக்குத் தோட்டம் தெரியும், எழுத்து வரலாறு தெரியாது. எழுத்து வரலாறு தெரிந்த பேராசிரியருக்கு அந்தக் கங்காணி யார் என்று தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்குத் தெரியும். "அவரா? எங்க சின்ன தாத்தாவுக்குச் சம்பந்தி ஆச்சே தம்பி" என்பார்.

இப்படிப் பார்க்கப் போனால் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பால் மங்கின் அடியில் செய்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும். லயத்து அடுப்படி இடிந்த இடத்தில் செங்கல் கிடந்தால் அதில் பதித்த பெயரைப் பாருங்கள். எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று அது சொல்லும். ரப்பர் உருட்டும் பழைய இயந்திரத்தில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் வார்ப்பிலேயே இருக்கும். கிராணி கைப்பட எழுதிய செக்ரோல் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அது தங்கம். அதில் பெயர், வேலை நாள், கூலி எல்லாம் இருக்கும். தோட்டத்துக் கடைப் பற்றுச்சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, கப்பல் பயணச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாமே வரலாறு. ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டை வைத்துக்கொண்டு, இந்தத் தோட்டத்துக்கு எந்த வட்டத்து எந்த ஊரிலிருந்து ஆள் வந்தார்கள் என்று வரைபடம் போட்டுவிடலாம்.

கல்லே இல்லாத இறப்புகளும் உண்டு. 1942, 43இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள். மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ப் போய்த் திரும்பாமல் போனார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த நடுகல் இங்கே கிடையாது. எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்பது குடும்ப நினைவில் மட்டும் இருக்கிறது. அதுவும் இப்போது பேரப்பிள்ளைகளின் நினைவில். தங்காக் வட்டாரத் தோட்டங்களுக்குத் தோட்டம்வாரியாக ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிப்பதை முதல் கூட்டத்தின் வேலையாக வைக்கலாம். இதற்கு மண்ணைத் தொடவே வேண்டாம்.

மண்ணைத் தொடுவது பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். இந்தக் கூட்டத்தின் முதல் விதி, ஆர்வலர்கள் தோண்டக் கூடாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் தேடி அகழ்வதற்கு மரபுடைமை ஆணையரின் உரிமம் வேண்டும். தற்செயலாக அப்படி ஒரு பொருள் கிடைத்தால் ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தங்காக் இன்று தனி மாவட்டம். மாவட்ட அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் நான் மேலே சொன்னதுதான். தோண்டி எடுத்த பொருளை மறுபடி அதே அடுக்கில் வைக்க முடியாது. ஆர்வலரின் வேலை பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, கேட்பது, எழுதுவது. இதைச் சலிப்பான வேலை என்று நினைக்கிறவர்கள் புளிமான்கோம்பையை நினைத்துப் பார்க்கட்டும். தேனி மாவட்டத்தில் வைகை ஆற்றுப் பள்ளத்தாக்கில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் 2006இல் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்தில் உள்ளவை. ஒன்றில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனைப் பற்றிய செய்தி. சங்கப் பாடல்களில் நடுகல்லைப் பற்றிப் படித்தோமே, அந்த மரபைக் கல்லிலேயே அவர்கள் காட்டினார்கள். ஊர் ஊராக நடந்து, கிடந்த கல்லைத் திருப்பிப் பார்த்ததன் பலன் அது.

பதிவு மட்டும் இருந்தால் எல்லாம் காப்பாற்றப்படும் என்று சொல்லமாட்டேன். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியானபோது நாடே அதிர்ந்தது. குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அங்கு அகழ்ந்த காலத்திலிருந்து அதற்கு எண் உண்டு. நூல்களில் குறிப்பு உண்டு. இருந்தும் இடிபட்டது. ஆனால் எண் இருந்ததால்தான் என்ன போயிற்று என்று நமக்குத் தெரிந்தது. 'சோழன் வென்ற கடாரம்' எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் உரத்துக் கேட்க முடிந்தது. எண்ணே இல்லாத தோட்டத்து இடுகாடு செம்பனை மறுநடவுக்காக உழப்பட்டால், எதை இழந்தோம் என்று சொல்லக்கூட யாருக்கும் தெரியாது. 1950களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும் இப்படித்தான் நடந்தது. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலத்தை மீட்க ஒரு சங்கம் கண்டோம். நினைவை எழுதி வைக்க அப்படி எதையும் தொடங்கவில்லை.

இனி நடைமுறை. நம் சமூகத்துக்குக் கூட்டம் போடத் தெரியாதா என்று கேட்கலாம். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையே 1966இல் கோலாலம்பூரில் நடத்தியவர்கள் நாம். பெரிய மாநாடு நமக்குக் கைவந்த கலை. இந்தக் கூட்டத்துக்கு அந்தக் கலை வேண்டாம். பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றியவர்களின் படத்துக்காக நிகழ்ச்சி நிற்கவும் வேண்டாம். ஒரு பள்ளி மண்டபம், ஒரு நாள், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ பத்து நிமிடப் பேச்சு, பத்து நிமிடக் கேள்வி. கேள்விக்கான நேரத்தைப் பேச்சு தின்றுவிடாமல் மணி அடிக்க ஒருவர்.

கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரிப் படிவம் வேண்டும். பொருள் எது, எங்கே இருந்தது, திறன்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, யார் பார்த்தது, என்றைக்கு, தகவல் சொன்னவர் பெயரும் வயதும், அவர் சம்மதம் தந்தாரா என்பவை அதில் இருக்க வேண்டும். படத்தில் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் மங்கும் அண்டாவும் ஒன்றுதான். கல்லெழுத்தைக் காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் நிரப்பக் கூடாது, கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு எழுத வேண்டும். "கருப்பையா" என்பதை "கறுப்பையா" என்று திருத்திவிட்டால் அடுத்த ஆய்வாளருக்கு அந்தக் குடும்பத்தைப் பதிவேட்டில் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

மாணவர்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல. எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். பி.எம்.ஆர். காலத்தில் உள்ளூர் வரலாற்றுக் கோப்பு தயாரித்த அண்ணன் அக்காக்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள். எத்தனையோ கோப்புகளில் நல்ல தகவல் இருந்தது. மதிப்பெண் வாங்கியதும் பழைய தாள்காரரிடம் போய்விட்டது. யாராவது ஒருவர் இன்னும் வைத்திருந்தால் அதையே முதல் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். இருபது ஆண்டுக்கு முன் பேட்டி கொடுத்த தாத்தா இப்போது இல்லை. அவர் சொன்னது அந்தக் கோப்பில் மட்டும் இருக்கலாம்.

தமிழர்கள் மட்டும் கூடினால் கதை அரைகுறையாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு அரிசியும் கருவாடும் கடனுக்குக் கொடுத்த சீனர் கடைக் கணக்கு சீன எழுத்தில் இருக்கும். தோட்டம் வருவதற்கு முன் அந்த நிலத்தின் பெயர் என்ன என்று பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெரியவருக்குத் தெரியும். லேடாங் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் மரபில் அது இளவரசியின் மலை. போர்ச்சுகீசியர் காலத்து மலாக்காக்காரரான கொதின்யோ டி எரெடியாவும் அவள் கதையை எழுதியிருக்கிறார். 1854இல் ஆல்ஃபிரட் வாலஸ் பூச்சியும் பறவையும் தேடி அதில் ஏறினார். அவரும் பட்டம் பெறாத ஆர்வலர்தான். மலாயிலும் சீனத்திலும் பேச இடம் கொடுத்து, தமிழில் சுருக்கம் சொல்ல ஓர் ஆளை வைத்தால் போதும்.

தொழில்முறை ஆய்வாளர்களை அழைக்கக் கூச்சம் வேண்டாம். லெங்கோங் பள்ளத்தாக்கில் பேராக் மனிதனை வெளிக்கொணர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியலுக்கென ஆய்வு மையமே இருக்கிறது. அருங்காட்சியகத் துறையிலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாரும் வரமாட்டார்கள். ஒருவர் வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து, "இதற்குச் சான்று போதாது" என்று இரண்டு பேரிடமாவது சொன்னால் அந்த ஆண்டுக்கு அது போதும். அப்படிச் சொல்லப்பட்டவர் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டு கூடுதல் சான்றோடு வர வேண்டும். இந்தப் பழக்கம் ஊன்ற இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம்.

கூட்டம் முடிந்ததும் ஐம்பது பக்கத்தில் ஒரு மலர். விளம்பரம், வாழ்த்துச் செய்தி இல்லாமல், படிவங்களும் படங்களும் மட்டும். மலாயில் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு. ஒரு பிரதி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று தங்காக் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும். அச்சுச் செலவுக்குத் துணிக்கடைக்காரர்களிடம் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களில் பலர் குடும்பமும் தோட்டத்துக்குத் துணி மூட்டை சுமந்து வந்த காலத்திலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் கணக்குப் புத்தகங்களையும் கையோடு கேட்டுவிடலாம்.

பள்ளி விடுமுறையில், விழாக்காலம் அல்லாத ஒரு சனிக்கிழமை நல்லது. சாகில் பக்கமிருந்தும் உள்தோட்டங்களிலிருந்தும் வரும் பெரியவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களை முன்வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார வைத்து, பேசுவதைப் பதிவு செய்ய ஆளுக்கு ஒரு மாணவரைப் பக்கத்தில் அமர்த்தலாம்.